புறநானூற்றுக் ‘கலமும்’ அரிக்கமேட்டு மதுச்சாடியும்



புறநானூற்றின் 56ஆம் பாட்டு, பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரனார் பாடியது. மன்னனை நான்கு தெய்வங்களோடு ஒப்பிட்டுப் புகழ்ந்த பின் புலவர் ஒரு வாழ்த்துரைக்கிறார். யவனர் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை, வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, நாள்தோறும் பருகி இனிது வாழ்க என்பது அவ்வாழ்த்தின் கருத்து. தமிழகத்துக்கும் யவனர்க்கும் இருந்த வாணிகத்தொடர்புக்குச் சான்று காட்ட விரும்புவோர் அனைவரும் இவ்வடிகளை எடுத்தாள்வர். சான்று காட்டியதும் நகர்ந்துவிடுவர். அத்தேறல் எவ்வாறு சுவைத்தது, எதில் வந்தது, எத்தனை திங்கள் கெடாமல் நின்றது என்ற வினாக்களை இலக்கிய மேடைகளில் எழுப்புவார் அரியர்.

இதற்கு ஒரு காரணம் ‘கலம்’ என்ற சொல். யவனரின் நல்ல கலத்தில் அம்மது வந்தது என்கிறார் நக்கீரர். கலம் என்பது கப்பலையும் குறிக்கும், பாண்டத்தையும் குறிக்கும். ஆகவே மரக்கலம் என்று கொண்டோரும் உண்டு. குப்பி என்று கொண்டோரும் உண்டு. இருபொருளும் இலக்கணத்துக்கு இசைந்தவை என்பதால் இரண்டையும் ஏற்றுக்கொண்டு வாசகன் மேலே செல்கிறான். உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை முதன்முதலில் அச்சிட்ட 1894இல் இதற்குமேல் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அக்கலத்தின் உடைந்த துண்டுகள் புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், காக்காயன்தோப்பை அடுத்த மேட்டில் மண்ணுக்குள் கிடந்தன.

அம்மேட்டின் கதை இவ்வூரார்க்குப் பழகியதே. சுருங்கச் சொன்னால் போதும். 1769இல் வெள்ளிக் கோள் கதிரவனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரிக்கு வந்து, அன்று காலை மேகம் மறைத்ததால் ஏமாந்த பிரெஞ்சு வானியலறிஞர் லெ ழாந்தீய், வீராம்பட்டினத்தை ஒட்டிய அப்பகுதியின் பழஞ்சுவடுகளைத் தம் பயணநூலில் குறித்தார். வானத்தில் காணாததை மண்ணில் சிறிது கண்டார் எனலாம். 1937இல் அகஸ்டஸ் மன்னன் தலை பொறித்த மணி ஒன்று பேராசிரியர் ழுவோ துப்ராய் கைக்கு வந்தது. 1941 முதல் பிரெஞ்சுக்காரர் சிலர் அங்கே தோண்டினர். 1944இல் மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் மத்தியதரைக் கடற்பகுதி மதுச்சாடியின் துண்டு கிடக்கக் கண்டு, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் புதுச்சேரிக்கு வந்தார், 1945இல் அகழ்ந்தார். 1947 முதல் 1950 வரை கசால் அகழ்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்ளி, பென்சில்வேனியப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்த குழுவோடு மீண்டும் அகழ்ந்தார்.

வீலர் எழுதிய அறிக்கையின் தலைப்பே அரிக்கமேட்டை ‘இந்திய உரோமானிய வாணிக நிலையம்’ என்று அழைத்தது. மீனவர் சிற்றூர் ஒன்று மேலைநாட்டார் வருகையால் நகரமாயிற்று என்ற எண்ணம் அதன் அடியில் ஓடியது. பெக்ளியின் ஆய்வு இதைத் திருத்தியது. மேலைநாட்டுச் சரக்கு வருமுன்பே அங்கே மக்கள் வாழ்ந்தனர். கைவினையும் வாணிகமும் நடந்தன. மதுச்சாடிகள் வரத் தொடங்கியதும் அகஸ்டஸ் காலத்துக்கு முன்பே, அதாவது உரோமப் பேரரசு என ஒன்று அமையுமுன்பே என்பது தெரியவந்தது. யவனர் வந்து ஊரை உண்டாக்கவில்லை. இருந்த ஊருக்கு யவனர் வந்தனர். இந்தத் திருத்தம் மதுவைப் பற்றிய பேச்சுக்கும் வேண்டியது. வந்த மதுவைச் சுவைத்தவன் சுவை அறியாதவன் அல்லன். அவன் வீட்டிலும் ஒரு சாடி இருந்தது.

முதலில் யவனர் சாடியைக் காண்போம். ஆய்வாளர் ஆம்போரா என்று அழைக்கும் இச்சாடிக்குக் குறுகிய வாய், நீண்ட கழுத்து, கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் இரண்டு கைப்பிடிகள், கூம்பிய அடி. தரையில் தானே நில்லாது. மணலில் ஊன்றி நிறுத்தலாம்; கப்பலின் அடித்தளத்தில் ஒன்றன் தோளிடையே மற்றொன்றின் அடியைச் செருகி அடுக்கலாம். ஊற்றும்போது அந்தக் கூர் அடியே மூன்றாவது கைப்பிடியாகும். இடுப்பளவுக்கு மேல் நிற்கும் ஒரு சாடியில் 25 லிட்டருக்குக் குறையாமல் மது கொள்ளும். அரிக்கமேட்டுத் துண்டுகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில் என்ற அமெரிக்க அறிஞர், அவற்றுள் பெரும்பகுதி மதுச்சாடிகள் என்றும், அவற்றுள்ளும் கோஸ் தீவின் சாடி வகையே மிகுதி என்றும் கண்டார். எண்ணெய் வந்த சாடிகளும், மீனை உப்பிலிட்டுச் செய்த குழம்பு வந்த சாடிகளும் சிறுபான்மையாக உள்ளன. கோஸ் வகைக்கு அடையாளம் அதன் கைப்பிடி: இரண்டு களிமண் உருளைகளை ஒட்டவைத்தாற்போன்ற இரட்டைப் பிடி. கைப்பிடித் துண்டு ஒன்று கிடைத்தாலே போதும், வகை தெரிந்துவிடும்.

கோஸ் என்பது ஏஜியன் கடலில், இன்றைய துருக்கிக் கரையை ஒட்டிக் கிடக்கும் சிறு கிரேக்கத் தீவு. மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பிறந்த ஊர். அதன் மதுவுக்கு ஒரு தனிப்பண்பு உண்டு; அதில் கடல்நீர் கலந்திருக்கும். இதன் தோற்றம் பற்றி உரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்லும் செய்தி சுவையானது. மதுவின் அளவு குறையாமல் காட்ட வேண்டிய அடிமை ஒருவன் குறையைக் கடல்நீரால் நிரப்பினானாம். அந்தக் களவே பின்பு முறையாகிவிட்டதாம். பால்காரர் கதை போலத்தான் இருக்கிறது. ஆனால் பாலில் நீர் கலந்தவர் எவரும் தம் பாலுக்குப் புகழ் தேடியதில்லை.

பிளினிக்கு இரு நூற்றாண்டு முந்திய கேட்டோ, தம் வேளாண்மை நூலில் கோஸ் மது செய்யும் முறையை எழுதிவைத்தார். திராட்சை அறுவடைக்கு 70 நாள் முன்பு, காற்றடங்கிக் கடல் அமைதியாக இருக்கும் நாளில், ஆற்றுநீர் எட்டாத ஆழ்கடலுக்குச் சென்று நீர் முகக்க வேண்டும். அதைச் சாடியில் இட்டுத் தெளியவைத்து, வண்டல் படிந்த பின் மேல்நீரை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பெருஞ்சாடி ஒன்றின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு இக்கடல்நீர், எஞ்சியது திராட்சை. கேட்டோ இதை எழுதியது கோஸ் தீவில் இருந்துகொண்டு அன்று. இத்தாலிய நிலக்கிழாருக்கு, இத்தாலியத் திராட்சையில், கிரேக்கப் பெயருள்ள மதுவைச் செய்ய அவர் கற்பிக்கிறார்.

இச்செய்தியை அரிக்கமேட்டு ஓடுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். கோஸ் மதுவைப் பிறர் செய்ததுபோலவே கோஸ் சாடியையும் பிறர் வனைந்தனர். இத்தாலியிலும் அதற்கு மேற்கே கால் நாட்டிலும் இசுப்பானியக் கரையிலும் இரட்டைப் பிடிச் சாடிகள் உருவாயின. வடிவத்தை மட்டும் பார்த்தால் பிறந்த ஊர் தெரியாது. மண்ணைப் பார்க்க வேண்டும். இத்தாலியின் காம்பானியாவில், விசுவியசு எரிமலையின் சுற்றுப்புறத்தில் வனைந்த சாடியின் மண்ணில் கருமணல் துகள்கள் மின்னும். ரொபெர்ட்டா டோம்பர் முதலியோர் இந்தியத் தளங்களின் ஓடுகளை இவ்வாறு மண் நோக்கிப் பிரித்தபோது, கோஸ் வடிவம் என்று எண்ணியவற்றுள் பல இத்தாலியில் பிறந்தவை என்று தெரிந்தது. உரோமானியச் சாடி என்று முன்பு கொண்ட சிலவோ மெசொப்பொத்தேமியாவிலிருந்து பிற்காலத்தில் வந்தவை என்பதும் வெளிப்பட்டது. ஆக, தமிழ்ப்புலவர் யவனர் என்ற ஒரே சொல்லால் அழைத்தவருள் கிரேக்கரும் உண்டு, கிரேக்கர்போல் மது செய்த இத்தாலியரும் உண்டு, இருவர் சரக்கையும் ஏற்றிவந்த எகிப்துக் கடலோடியும் உண்டு. புலவரின் சொல் துல்லியமற்றது என்று இதற்காகக் குறைகூற வேண்டுவதில்லை. பொருளே அப்படிக் கலந்து வந்தது.

கடல்நீர் சேர்த்தது ஏமாற்றாகத் தொடங்கியிருக்கலாம்; நிலைத்ததற்குக் காரணம் பயணம். உப்பு மதுவைக் காக்கும். சுண்ணாம்பு நீறோ உப்போ இட்டு ஊறவைத்துப் பழகிய கடற்கரை மக்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. சாடியின் உட்புறத்தில் பைன் மரப்பிசினைக் காய்ச்சிப் பூசுவர். சுட்ட மண்ணின் நுண்துளை அடைபடும். வாயைத் தக்கையாலோ ஓட்டு வில்லையாலோ மூடி, மேலே சுண்ணச்சாந்து பூசுவர். இவ்வளவு காப்பும் வேண்டியிருந்தது. அலெக்சாந்திரியாவில் இறங்கிய சாடி நைல் ஆற்றில் படகேறிக் கோப்டசு சென்று, அங்கிருந்து ஒட்டகத்தின் முதுகில் பன்னிரு நாள் பாலையைக் கடந்து, செங்கடல் துறையான பெரெனிக்கேயில் மீண்டும் கப்பலேறும். நடுக்கோடையில் புறப்பட்டுத் தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்தால், செங்கடல் வாயிலிலிருந்து முசிறிக்கு 40 நாள் என்று பிளினி கணக்குச் சொல்கிறார். முசிறியிலிருந்து சோழமண்டலக் கரைக்கு வருவது வேறொரு பயணம். அதன்பின் சாடி வந்துசேர்ந்த இடம், குளிர்ந்த நிலவறைகளில் மதுவைப் பேணும் ஐரோப்பா அன்று. கடற்கரை மணலில் இரண்டு கோல் ஆழம் தோண்டினால் நீர் ஊறும் நிலம், வெயில் காயும் வானம். இன்று மதுவறிஞர் 12 முதல் 14 பாகை வெப்பம் வேண்டும் என்பர். அது இங்கே மார்கழி விடியலிலும் வாய்ப்பதன்று. அரிக்கமேட்டுக்கு வந்த மது, மென்மையான மது ஒன்று மாண்டுபோகும் வழியெல்லாம் கடந்து மாளாமல் வந்த மது.

எனவே அதன் சுவையை ஒருவாறு ஊகிக்கலாம். நாக்கில் முதலில் உப்பு. மூக்கில் பிசின் மணம், ஏறத்தாழக் குங்கிலியம் புகைந்த அறையில் நுழைந்தாற்போல். இன்றும் கிரேக்கர் பைன் பிசின் இட்ட ரெட்சினா என்ற மதுவைப் பருகுகின்றனர். சாடியில் பூசிய பிசினின் நினைவு இரண்டாயிரம் ஆண்டாக அவர்கள் நாவில் தங்கிவிட்டது. உரோமானியர் தலைசிறந்ததாக மதித்த மது கோஸ் மது அன்று. அது பலரும் பருகிய பொதுச்சரக்கு. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் எழுந்த பெரிப்ளசு என்ற கடல்வழி நூல், குசராத்தின் பாருகச்சத் துறையில் இத்தாலிய மது விரும்பப்பட்டது என்றும், அந்நாட்டு அரசனுக்கெனச் சிறந்த மது தனியே கொணரப்பட்டது என்றும் சொல்கிறது. முசிறிப் பக்கத்தில் மது வந்தது உண்மை, ஆயின் மிகுதியாக அன்று என்பது அதன் கூற்று. அருகி வந்த பொருளுக்கே பொற்கலம் வாய்க்கும்.

இனித் தமிழன் வீட்டுச் சாடி. தேறல் என்ற சொல்லே ஒரு சுவைஞன் ஆக்கிய சொல். தேறுதல் தெளிதல், தேறியது தேறல். பிழி என்பது பிழிந்தது, அரியல் என்பது அரித்தது, நறவு என்பது மணத்தோடு உறவுடையது. கள் என்ற பொதுப்பெயரின்கீழ் இத்தனை பெயர்களை ஒரு மொழி வைத்திருக்குமானால், அம்மொழியார் செய்முறையையும் விளைவையும் வேறுபடுத்தி அறிந்தவர் என்பதில் ஐயமில்லை. பெரும்பாணாற்றுப்படை அரிசிக்கூழை ஆற்றி, முளைநெல்லின் மாவைக் கலந்து, இரண்டு பகலும் இரவும் வாய்வலிய சாடியில் வைத்து வடிக்கும் முறையை, அடுக்களையில் நின்று பார்த்தவரைப்போல் உரைக்கிறது. இது உடனே பருகும் மது. நாள்பட வைத்துப் பருகும் மதுவும் இருந்தது. புறநானூற்றின் 120ஆம் பாட்டில் கபிலர், பாரியின் நாட்டில் நிலத்தில் புதைத்து முதிர்வித்த தேறலைச் சொல்கிறார். 129ஆம் பாட்டில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், குறவர் மூங்கிற்குழாயில் முற்றவைத்த தேறலைச் சொல்கிறார். நிலவறை இல்லாத நாட்டில் நிலமே அறை, மூங்கிலே சாடி. வெயிலிலிருந்து மதுவைக் காக்கும் வழியை அவர்கள் யவனரிடம் கற்கவில்லை.

அரிக்கமேடு இருக்கும் இக்கரைக்கே உரிய சான்றும் ஒன்று உண்டு. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. அதில் வரும் எயிற்பட்டினம், புதுச்சேரிக்கு வடக்கே உள்ள மரக்காணம் என்று அறிஞர் பலர் கருதுவர். அங்கே, அலை ஒதுக்கிய மணமரத்தை விறகாக்கித் தீமூட்டி, நுளைமகள் ஒருத்தி அரித்தெடுத்த பழைய தேறலைப் பரதவர் பாணர்க்குத் தருகின்றனர். கரையில் கிடக்கும் அம்மரங்களைப் புலவர் உறங்கும் ஒட்டகங்களுக்கு ஒப்பிடுகிறார். மதுச்சாடியைச் சுமந்து பாலைகடந்த விலங்கு, சாடி வந்திறங்கிய கரையின் பாட்டில் உவமையாக வந்து படுத்துக்கொண்டது தற்செயலா என்று கேட்கத் தோன்றும். உறுதி சொல்ல முடியாது. உறுதியாகச் சொல்லக்கூடியது, இக்கரையின் எளிய மீனவக் குடிசையிலும் பழந்தேறல் இருந்தது என்பதே.

அத்தேறலின் பண்பாகப் புலவர் எதைப் பாடினர்? கடுமையை. முதிர்ந்த தேறலை ஒளவையார் தேள் கொட்டும் கடுப்போடு ஒப்பிடுகிறார். அது புறநானூற்றின் 392ஆம் பாட்டு. நத்தத்தனாரோ அதே சிறுபாணாற்றுப்படையில், சினந்த பாம்பை உவமையாக்குகிறார். நாள்பட்டதன் மேன்மை ஏறிய உறைப்பில் இருந்தது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நக்கீரரைப் படித்தால், அவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பது தெரியும். திங்கள் பல கடந்துவந்த யவனர் மதுவுக்குத் தேளும் இல்லை, பாம்பும் இல்லை. குளிர்ச்சியும் மணமும் மட்டுமே கூறுகிறார். இவை வாழ்த்துப்பாவுக்கு ஒப்பனையாக வந்த அடைகள் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் உள்ளூர் மதுவுக்குக் கடுப்பைச் சொல்லிப் பழகிய மரபில், வெளியூர் மதுவுக்கு வேறு இரு பண்புகளைத் தெரிந்தெடுத்தது சுவைத்தறிந்தவரின் தேர்வாகவே தோன்றுகிறது.

மணத்துக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. அது திராட்சையும் பிசினும் கூடிய மணம். குளிர்ச்சிதான் சிக்கல். மண்பானை நீர் குளிர்வது, பானையின் துளைவழி கசிந்த நீர் ஆவியாவதால். உள்ளே பிசின் பூசிய யவனர் சாடி கசியாது. ஆகவே தானாகக் குளிராது. வெயிலில் வந்த சாடியில் மதுவும் வெதுவெதுப்பாகத்தான் இருந்திருக்கும். கிரேக்கரும் உரோமரும் மதுவில் நீர் கலந்தே பருகினர். கலக்காமல் பருகுவது அவர்களிடம் நாகரிகமற்ற செயல். பாண்டியன் அரண்மனையில் அவ்வழக்கமும் சாடியோடு வந்திருந்தால், இங்கே கலந்த நீர் பானைநீராக இருக்கும். குளிர்ச்சி அதிலிருந்து வந்திருக்கும். அன்றேல் பிசின் மணம் மூக்கில் உண்டாக்கும் தண்மையையே புலவர் குறித்தார் என்று கொள்ளலாம். சந்தனத்தையும் கற்பூரத்தையும் குளிர்ச்சி என்று சொல்லும் மக்கள் தமிழர். இரண்டில் பின்னதே பொருத்தமாகப் படுகிறது. பாட்டு நீரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மணத்தையும் தண்மையையும் அடுத்தடுத்து வைக்கிறது.

நக்கீரர் பாடியது பாண்டியனை. அரிக்கமேடு பாண்டியன் துறை அன்று என்ற மறுப்பு எழக்கூடும். அது சரியான மறுப்பே. வைகை கடலில் கலக்குமிடத்து அழகன்குளத்தில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையார் நடத்திய அகழாய்வுகளிலும் ஆம்போராத் துண்டுகள் கிடைத்துள்ளன. மதுரைக்குச் சாடி அவ்வழி போயிருக்கலாம். அரிக்கமேட்டின் சிறப்பு, ஓடுகள் மிகுதியாகக் கிடைத்து, வகைபிரித்து ஆராயப்பட்டிருப்பதில் உள்ளது. மதுரை மன்னன் பருகியது எத்தகையது என்று அறிய விரும்புவோர் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு வர வேண்டியிருப்பது அதனால்தான்.

இன்றைய கிரேக்க மதுவைப் பற்றியும் ஒரு சொல். கோஸின் பெயரை இத்தாலியர் எடுத்தாண்டது போலவே, இருபதாம் நூற்றாண்டில் கிரேக்கர் பிரான்சின் திராட்சையை எடுத்தாண்டனர். மெத்சோவோ மலையூரில் அவெரோஃப் கேபர்நே சோவின்யோன் கொடியை நட்டார். 1960களில் கல்கிதிக்கியில் கராஸ் என்பார் போர்தோ மதுவறிஞர் எமில் பெய்னோவின் துணையோடு அதையே செய்தார். தெசலியின் தீர்னாவோஸ் பகுதியிலோ ‘கறுப்பு மொஸ்காத்தோ’ என்ற திராட்சை விளைகிறது. உலகின் பிற பகுதிகளில் அதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அலெக்சாந்திரிய மஸ்கட் என்பதற்கும் மற்றொரு கொடிக்கும் பிறந்த கலப்பு அது. அதே கொடிதான் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் படர்ந்திருக்கிறது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொணர்ந்தார் என்பது வழக்கு. 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. தீர்னாவோஸின் சிவப்பு மதுவை அடையாளம் காட்டுவது ரோசாப்பூ மணம். அது நெடுநாள் இருப்பு வைப்பதற்கு உரியதன்று, இளமையிலேயே பருகத்தக்கது. கம்பத்துச் சந்தையில் அதற்கு யாரும் ஹாம்பர்க் என்று பெயர் சொல்வதில்லை. பன்னீர்த் திராட்சை என்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்த கனியை நாவில் இட்ட மாத்திரத்தில் அதன் மணத்தைப் பிடித்துப் பெயராக்கிய அந்த அறியப்படாத உழவர், நக்கீரர் செய்ததையே செய்திருக்கிறார்.

கள்ளுண்ணாமை பாடிய வள்ளுவரின் மொழியில், கள்ளுக்கடைக்கு இன்றும் உரிமம் தரும் ஊரில், மதுவைப் பற்றி இவ்வளவு பேசுவது தகுமா என்று எண்ணுவோர்க்கு ஒன்று: பேசப்பட்டது ஒரு சொல்லின் பொருள். புறநானூற்றுக்கு உரையெழுதுவோரும் பள்ளிப்பதிப்பு வெளியிடுவோரும் 56ஆம் பாட்டின் ‘கலம்’ என்ற சொல்லுக்குக் கப்பல் என்றோ குப்பி என்றோ மட்டும் எழுதி நிறுத்த இனித் தேவையில்லை. ‘இரு கைப்பிடியும் கூர் அடியும் உடைய சுடுமண் சாடி, உட்புறம் பிசின் பூசியது, அரிக்கமேட்டிலும் அழகன்குளத்திலும் துண்டுகள் கிடைத்துள்ளன’ என்று ஓர் அடிக்குறிப்பு சேர்க்கலாம். பக்கத்தில் இடமிருப்பின் அந்த இரட்டைப் பிடியின் கோட்டுப்படம் ஒன்றும் இடலாம்.